போன் பக்கத்தில் தொங்கும் நோட்டுதான் எங்கள் வெப்சைட்டைத் திருத்தியது

எங்கள் வீட்டு ஹாலில், போன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒரு ஆணியில் நூல் கட்டிய நோட்டு ஒன்று தொங்குகிறது. பையன் நாலாம் வகுப்பில் பாதி எழுதிவிட்டு மிச்சம் வைத்த கணக்கு நோட்டு. 2024 மே மாதத்தில் இருந்து நான் அதில் எழுதி வருவது ஒரே ஒரு விஷயம்தான், போனில் கூப்பிடுகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பது. பெயர், நம்பர் எதுவும் எழுதுவதில்லை. கேள்வி மட்டும். "ரேட் எவ்வளவு?" "கார் வாசல் வரைக்கும் வருமா?" "ஈ-பாஸ் நீங்க எடுத்துத் தருவீங்களா, நாங்களே எடுக்கணுமா?" "சுடுதண்ணி எந்நேரமும் வருமா?" "உங்க வெப்சைட் சுத்திக்கிட்டே இருக்கு, ஓபன் ஆக மாட்டேங்குது."

வெப்சைட் இருக்கிறது, ஆனால் அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கிற சின்ன வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தோம். கொடைக்கானலில் இருந்து அப்சர்வேட்டரி தாண்டி பூம்பாறை போகிற சாலையில் எங்கள் வீடு. நாலு ரூம் ஹோம்ஸ்டே, அதோடு மாமனார் காலத்தில் இருந்து வைத்திருக்கும் பூண்டுத் தோட்டம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரில் இருந்து கேட்பவர்கள் கூடினார்கள், கூரியரில் அனுப்ப ஆரம்பித்தோம். பிறகு தாண்டிக்குடியில் இருக்கும் சொந்தக்காரர்களின் காப்பித்தூளும் சேர்ந்தது. 2022-இல் கீழே ஒரு ஊரில் உள்ள கம்பெனியிடம் கொடுத்து வெப்சைட் செய்தோம். அவர்கள் ஆபீசில் பெரிய திரையில் போட்டுக் காட்டியபோது, பனி மூடிய மலைச்சரிவு திரை முழுக்க விரிந்தது, நாங்கள் அசந்து போய் மிச்சப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

2024 மே 7-ஆம் தேதி ஈ-பாஸ் வந்தது. ஐகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அன்றில் இருந்து போன் ஓயவில்லை. அடுப்பில் பால் இருக்கும், ஒரு கையில் போன் இருக்கும், பதில் மட்டும் எப்போதும் ஒன்றே. இப்படியே பத்துப் பேருக்கு ஒரே பதிலைச் சொல்கிறோமே, என்னதான் கேட்கிறார்கள் என்று எழுதியாவது வைப்போம் என்று தொடங்கியதுதான் அந்த நோட்டு. இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து படித்தேன். ஏழெட்டுக் கேள்விதான். அதுவே திரும்பத் திரும்ப. அதில் பாதிக்குப் பதில் எங்கள் வெப்சைட்டிலேயே இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. மீதிப் பாதிக்குப் பதிலே அங்கே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பொறுமை இருப்பவர்கள் போன் செய்து கேட்கிறார்கள், பொறுமை இல்லாதவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களை நாங்கள் எண்ணியதே இல்லை.

முதலில் ஈ-பாஸ் விஷயத்தையே எடுத்தோம். யாருக்குத் தேவை, அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை, சொந்தக் காரில் வந்தால் வண்டி எண், போன் நம்பர், வருகிற தேதி, போகிற தேதி, எத்தனை பேர் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவும் என்று ஆறு வரி, கூடவே பதிவு செய்யும் அரசு தளத்துக்கு ஒரு இணைப்பு. அவ்வளவுதான், முதல் பக்கத்தின் மேலேயே. 2025 ஏப்ரலில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று கொடைக்கானலுக்கு உச்சவரம்பு வந்தபோது அதையும் அன்றே சேர்த்தோம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வராதீர்கள் என்று ஒரு வரி. இதெல்லாம் வெப்சைட் வேலையா என்று கம்பெனியில் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மலையேறும் முன் வேண்டியது இதுதான், பனிப் படத்தை அவர்கள் ஏற்கெனவே நூறு இடத்தில் பார்த்திருப்பார்கள்.

அடுத்தது "சுத்திக்கிட்டே இருக்கு". இதை நான் முதலில் நம்பவில்லை. எங்கள் வீட்டில் கேபிள் லைன், தட்டினால் உடனே திறக்கிறது. பிறகு வீட்டுக்காரர் ஜீப்பில் பூம்பாறை போகும்போது நானும் ஏறிக்கொண்டு, டவர் இரண்டு புள்ளிக்கு இறங்குகிற வளைவில் நிறுத்தச் சொல்லி என் போனில் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை. மேலே நீலக் கோடு பாதியில் நின்றது. நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். வருகிறவர்கள் வழி கேட்டு எங்கள் நம்பரைத் தேடுவது இந்த மாதிரி வளைவில் நின்றுதானே.

கொழுந்தன் மகன் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன் லேப்டாப்பில் பிரித்துக் காட்டினான். முதல் பக்கத்தில் ஐந்து படம் மாறி மாறி ஓடுகிறது, ஒவ்வொன்றும் கேமராவில் எடுத்தபடியே, பெரியது 7 எம்.பி. படத்தின் அகலம் 6,000 பிக்சல், பார்க்கிறவர் கையில் இருக்கும் போன் திரையோ பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலம்தான். ஒரு ஆழாக்கு அரிசி வேக வைக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதை. அவன் எல்லாப் படத்தையும் 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்-பி என்ற வடிவத்துக்கு மாற்றினான், ஒவ்வொன்றும் 150 கே.பி.க்குள் வந்துவிட்டது. போனில் பார்த்தால் முன்னதற்கும் பின்னதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓடும் படங்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வைத்தோம், கீழே உள்ளவை விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் இறங்கும்படி செய்தான்.

கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்று ஒரு இலவசப் பக்கம் இருக்கிறது, உங்கள் முகவரியைப் போட்டால் போனில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லிவிடும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. வெப்சைட் பயன்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் குறிப்பிடும் யாகோப் நீல்சன் 1993-லேயே எழுதிவைத்த கணக்கு ஒன்று உண்டு: ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் மனம் அறுபடாது, பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். நான் வளைவில் நின்று எண்ணியது நாற்பது. அந்தப் பக்கத்தைப் போய் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

இதில் எனக்குப் படத்தைச் சுருக்கியதைவிடப் பெரிதாகப் படுவது வரிசையை மாற்றியது. இப்போது எங்கள் பக்கத்தில் முதலில் இறங்குவது எழுத்து. போன் நம்பர், ரேட், வரும் வழி. படம் அதற்குப் பிறகு. டவர் பாதியில் போனாலும் அவர்களுக்கு வேண்டியது கையில் வந்துவிட்டிருக்கும். முன்பு எங்கள் போன் நம்பரே ஒரு போஸ்டர் படத்துக்குள் இருந்தது, பூவேலை எல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் படம் இறங்காவிட்டால் நம்பர் இல்லை, இறங்கினாலும் அதைத் தொட்டுக் கூப்பிட முடியாது, மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தட்ட வேண்டும். காரோட்டிக்கொண்டு வருகிறவர் எப்படி அதைச் செய்வார்? இப்போது நம்பர் எழுத்தாக இருக்கிறது, தொட்டால் போன் போகிறது. பத்து நிமிஷ வேலை இது. நீங்கள் இன்றே உங்கள் போனில் உங்கள் நம்பரைத் தொட்டுப் பாருங்கள்.

சித்தி வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டில் இருக்கிறார், சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரண்ட் பில்லைத் தானே போனில் கட்டுவார், வாட்ஸ்அப்பில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் இருப்பார், அதனால் அவருக்குப் போன் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருநாள் மத்தியானம் வந்திருந்தவரிடம், "சித்தி, அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமைக்கு ரெண்டு ரூம் நீங்களே போட்டுப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பக்கம் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி, சலுகைகளுக்கு இமெயில் கொடுங்கள் என்று. மூலையில் மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு. இரண்டு தடவை தொட்டார், மூடவில்லை. மூன்றாவது தடவை இமெயில் கட்டம் திறந்து கீபோர்டு வந்துவிட்டது. எப்படியோ மூடினார். அடுத்தது, பனிப் படத்தின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து. போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரூம்கள்" என்ற பட்டனை அழுத்தப் போன நொடியில் மேலே ஒரு படம் இறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டது, விரல் வேறு எதன் மேலோ விழுந்து இன்ஸ்டாகிராம் திறந்தது. திரும்பி வந்தார். மேலே ஓரத்தில் மூன்று கோடு இருந்ததே, அதைத் தொடவே இல்லை. பிறகு கேட்டபோது "அது டிசைன்னு நினைச்சேன்" என்றார். வரும் வழி, விதிமுறை எல்லாம் அந்த மூன்று கோட்டுக்குள்தான் இருந்தது.

கடைசியாக, பெயர் கேட்கிற இடம். முதல் பெயர் போட்டார். அடுத்து "கடைசிப் பெயர்", கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சிவப்பு நட்சத்திரம். தன் இனிஷியலைப் போட்டார், ஒற்றை எழுத்து. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி வைத்துப் பார்த்தார், புள்ளி கூடாது என்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, இது எங்க அப்பா பேரைக் கேக்குதா, உங்க சித்தப்பா பேரைக் கேக்குதா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. ஏதோ ஒரு பெயரை அடித்து அனுப்பினார். "தவறான உள்ளீடு" என்று மேலே ஒரு வரி வந்து, அதுவரை நிரப்பிய எல்லாம் அழிந்து போனது. சித்தி போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் உனக்குப் போனே பண்ணிடுறேம்மா, அதுதான் லேசு."

என் நோட்டில் இருந்த ஒவ்வொரு அழைப்பும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அந்தப் பெட்டியை அன்று இரவே எடுத்துவிட்டோம். இரண்டு வருஷத்தில் அதில் இமெயில் கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களுக்கும் நாங்கள் ஒரு சலுகையும் அனுப்பியதில்லை. எழுத்தைப் படத்தின் மேல் இருந்து இறக்கி வெள்ளைப் பின்னணியில் கருப்பில் வைத்தோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று, பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் வெப்சைட்டைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான உலக அளவிலான நெறிமுறை ஒன்று சொல்கிறது, அதைச் சரிபார்க்க இலவசக் கருவிகள் உண்டு, எங்கள் சாம்பல் எழுத்து அதில் தேறவே இல்லை. வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை மே மாதத்தில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தெரியும். பட்டன்களை விரல் நுனி படுகிற அளவுக்குப் பெரிதாக்கினோம். அந்த நெறிமுறையின் 2023 பதிப்பு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்கிறது, ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பது 48. நாங்கள் 48 வைத்தோம், எங்கள் ஊர்க் குளிரில் விறைத்த விரலுக்கு அதுவே சரி. ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தை முன்கூட்டியே எழுதிவிட்டால் அது இறங்கும்வரை இடம் காலியாகக் காத்திருக்கும், பட்டன் குதிக்காது. மூன்று கோட்டை எடுத்துவிட்டுத் திரையின் அடியில் நாலு சொல் வைத்தோம்: ரூம், ரேட், வழி, போன்.

பெயருக்கு இப்போது ஒரே கட்டம், "உங்கள் பெயர்". என்ன போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அது அப்பா பெயரோ ஊர்ப் பெயரோ. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிப்பது எங்கோ வேறு ஊர் வழக்கம். யாரோ செய்த படிவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் நம் ஆட்கள் தங்கள் பெயரையே தப்பு என்று நினைத்துக் குழம்ப வேண்டியிருக்கிறது. இதில் எனக்குக் கோபமே வரும்.

இவ்வளவு திருத்திய பிறகும் ஒன்று தப்பிவிட்டது, அதற்கு விலை கொடுத்தோம். 2025-இல் ஒரு குடும்பம் இரண்டு ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தது. எங்களுக்கு வந்த தகவலில் மே 6. அன்று ரூம் தயார் செய்து, ராத்திரி வரை பார்த்தோம், வரவில்லை, போன் செய்தால் எடுக்கவில்லை. சரி, ஏதோ காரணம் என்று விட்டுவிட்டோம். ஜூன் 5-ஆம் தேதி மாலை, மழை தூறிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரு பாட்டி. கையில் எங்கள் ரசீது, அதில் 05/06. நம்மவர்கள் அதை ஜூன் 5 என்றுதான் படிப்பார்கள். புக்கிங் பெட்டி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் போட்டிருந்தது. நாலு ரூமும் நிறைந்திருந்தது. எங்கள் ஹாலிலும் படுக்கை அறையிலும் மெத்தை விரித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் சமையல் அறையில் படுத்தோம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பாட்டி குளிரில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. இப்போது எங்கள் பக்கத்தில், ரசீதில், வாட்ஸ்அப் செய்தியில், எங்கேயும் எண்ணால் மட்டும் தேதி கிடையாது. "2025 ஜூன் 5, வியாழன்" என்று கிழமையோடு எழுத்தில் வரும். கிழமை இருந்தால் தப்பு நடந்தாலும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். தேதி வாங்கிப் புக்கிங் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும், மண்டபமோ, டாக்ஸியோ, ஆஸ்பத்திரி டோக்கனோ, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ரேட் விஷயத்தில் தப்பு எங்கள் பக்கம்தான். "ரேட் அறிய அழைக்கவும்" என்று போடச் சொன்னது நாங்களே. பக்கத்து ஆட்கள் பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைத்துவிடுவார்கள் என்று பயம். நோட்டில் அதிகம் வந்த கேள்வியே "ரேட் எவ்வளவு?" தான், கேட்டவர்களில் பெரும்பாலானோர் "சொல்றேங்க" என்று வைத்துவிட்டார்கள். இப்போது சீசன் ரேட், சீசன் இல்லாத ரேட், எக்ஸ்ட்ரா பெட், சாப்பாடு, ராத்திரி தீ மூட்டினால் அதற்கு எவ்வளவு, எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கிறது. அழைப்பு குறைந்தது, ஆனால் அழைக்கிறவர்கள் முடிவு செய்துவிட்டு அழைக்கிறார்கள்.

அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. ரூம் பக்கத்தில் "கடைசி 1 ரூம்!" என்றும் "இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்" என்றும் சிவப்பில் எழுதி வரும், கம்பெனி வைத்தது, நாங்கள் கவனிக்கவில்லை. ஆடி மாதம் மூன்று ரூம் காலியாகக் கிடக்கும்போது வந்து தங்கிய ஒருவர், திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டே, "ஒரே ரூம்தான் இருக்குன்னு போட்டிருந்தீங்களேக்கா, அதான் அவசரமா கட்டினேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை. கம்பெனியில் கேட்டால் எல்லாரும் போடுகிறார்கள் என்றார்கள். எல்லாரும் போட்டாலும் பொய் பொய்தான். அது சட்டப்படியும் தப்பு: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படி வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, விலையைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு. எங்கள் பூண்டு விற்கும் பக்கத்தில் "பரிசுப் பேக்கிங்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது, கூரியர் கட்டணம் பணம் கட்டுகிற கடைசி இடத்தில்தான் தெரிந்தது. இரண்டையும் மாற்றினோம். ஒரு கிலோ பூண்டு, கூரியர் சேர்த்துத் தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே.

பூண்டு ஆர்டரில் முகவரிப் படிவம் இன்னொரு தொல்லை. "தெரு பெயர்" கட்டாயம் என்று இருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஆர்டர் போட்ட ஒருவர் அந்தக் கட்டத்தில் "எங்க ஊர்ல தெரு ஒண்ணுதான்" என்று எழுதி அனுப்பியிருந்தார். இப்போது தெருவைக் கட்டாயத்தில் இருந்து எடுத்துவிட்டு, "பக்கத்தில் என்ன இருக்கிறது? கோயில், பள்ளி, ரேஷன் கடை" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். கூரியர் பையனுக்கு அதுதான் உதவுகிறது. முதலில் 6 இலக்கப் பின்கோடு கேட்கிறோம், அதில் இருந்து மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பும். போன் நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண் கீபோர்டு வரும், முன்னால் +91 போட்டாலும், நடுவில் இடம் விட்டாலும், சுழியம் போட்டாலும் ஏற்றுக்கொண்டு நாமே சரி செய்துகொள்ளலாம், அதற்குப் போய் "செல்லாத எண்" என்று மிரட்ட வேண்டியதில்லை. தப்பு இருந்தால் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே, "ஒரு எண் குறைகிறது, 10 எண் வேண்டும்" என்று சொல்ல வேண்டும், மற்றது எதுவும் அழியக் கூடாது.

தமிழ்ப் பக்கம் ஒன்று கம்பெனியே செய்து கொடுத்திருந்தது, மெஷின் மொழிபெயர்ப்பில். புக் செய்யும் பட்டனில் "இப்போது புத்தகம்" என்று இருந்தது. முகப்புக்கு "வீடு". ஹோம்ஸ்டே ஆயிற்றே, வீட்டுப் படம் பார்க்கலாம் என்று அதைத் தொட்டவர்கள் அதே பக்கத்துக்கே திரும்பி வந்திருப்பார்கள். நான் உட்கார்ந்து முழுவதையும் எழுதினேன், போனில் பேசுவது போலவே. "ரூம் புக் செய்ய." "வாசல் வரை கார் வரும், வேன் வராது." "சுடுதண்ணீர் காலை 6 முதல் 10 வரை, மாலை 5 முதல் 9 வரை." தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நீளம், அதனால் ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டது, வரி இடைவெளி போதாமல் கொக்கிகள் மேல் வரியில் இடித்தன. பட்டன் அகலத்தைச் சொல்லுக்கு ஏற்ப நீளும்படி விட்டுவிட்டு, வரி இடைவெளியைக் கூட்டினால் தீர்ந்தது. அழகான எழுத்துரு இறங்கும்வரை காத்திருக்காமல் போனில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்தில் முதலில் காட்டும்படியும் செய்தோம். பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறிக்க வேண்டும், பார்வை இல்லாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் சரியாக உச்சரிக்கும். எங்கள் தமிழ்ப் பக்கம் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேப்பில் புள்ளி வைத்தால் போதும் என்று இருந்தோம், அதுவும் நூறு மீட்டர் தள்ளி விழுந்திருந்தது. புள்ளியைச் சரி செய்து, கூடவே வழியை எழுத்திலும் எழுதி, திரும்ப வேண்டிய இடத்தின் படம் ஒன்றையும் போட்டோம். பனி இறங்கிவிட்டால் அந்தப் படத்தில் உள்ள வாட்டர் டேங்க்தான் அடையாளம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. புது வெப்சைட்டும் செய்யவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று, நோட்டில் எது அதிகம் வந்ததோ அது. சித்தியோடு சேர்த்து ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தோம்: ஜீப் ஓட்டும் ஒரு தம்பி, மதுரையில் இருக்கும் மதினி, பையனின் டீச்சர், தங்க வந்த ஒருவர். ஐந்து பேர் போதும் என்று நீல்சனும் 2000-இல் எழுதியிருக்கிறார், எங்களுக்கும் மூன்றாவது ஆளுக்குப் பிறகு அதே இடத்தில்தான் எல்லாரும் மாட்டினார்கள். அவர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். அவர்கள் போனில், அவர்கள் டேட்டாவில். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

இன்னும் தீராதது பணம் கட்டும் இடம். யுபிஐ ஆப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது டவர் போனால் பக்கம் முதலில் இருந்து தொடங்குகிறது, பணம் போனதா இல்லையா என்று அவர்களுக்கும் தெரிவதில்லை. இப்போதைக்கு ரூமை 30 நிமிஷம் அவர்கள் பெயரில் நிறுத்தி வைத்து, பணம் வந்ததும் நாங்களே வாட்ஸ்அப்பில் தேதி, கிழமையோடு செய்தி அனுப்புகிறோம். "உங்கள் பணம் எங்கும் போகாது, இரண்டாம் முறை கட்ட வேண்டாம், இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். இது பாதித் தீர்வுதான்.

இந்த வாரம் நோட்டில் புதிதாக ஒரு கேள்வி நாலு தடவை வந்திருக்கிறது. "குறிஞ்சி இப்போ பூத்திருக்கா?" கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல். கொழுந்தன் மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், ரூம் பக்கத்தில் இதற்கு ஒரு வரி போடச் சொல்ல வேண்டும்.